நான்காவது சரணத்தையும் பாடு

நேற்றுக் காலை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு சொல்லை உனக்கே திருப்பி அனுப்புவதற்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், மகனே. "நம்ம ஊர்ல மட்டும் அந்தச் சொவத்துப் பாட்ட விட்டுடறேம்பா. உங்களுக்காகத்தான்" என்றாய். உன் அம்மாவின் சுவர்ப் பாட்டை விடுவதற்கான அந்த 'உங்களுக்காக' எனக்கு வேண்டாம். நீ அன்போடுதான் கொடுத்தாய் என்பது தெரியும். ஆனாலும் என் வாழ்நாளில் எனக்காக என்று சொல்லப்பட்ட காரியங்களில் பாதி, என் பெயரைச் சொல்லி வேறு யாரோ தங்களைக் காப்பாற்றிக்கொண்ட காரியங்களாகவே இருந்திருக்கின்றன. மீதிப் பாதி நானே என்னைக் காப்பாற்றிக்கொண்டவை. இதுவும் அந்தக் கணக்கில் சேர வேண்டாம் என்பதால், தொலைபேசியில் சொல்ல முடியாததை எழுத்தில் வைக்கிறேன். இதன் ஒரு பிரதியைத் திருவிழாக் குழுவின் செயலாளரிடம் என் கையால் கொடுக்கப்போகிறேன். நம் குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவிலும் போடுவேன். அதனால் இதில் உள்ள எதையும் நீ யாரிடமிருந்தும் மறைக்கத் தேவையில்லை. அந்த வேலை இந்தக் குடும்பத்தில் போதுமான அளவு நடந்துவிட்டது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் குழுவினர் மூன்று பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் என்ற முறையில் உன் பெரியப்பா, செயலாளரான அந்த இளைஞர், இன்னொருவர். தேநீர் கொடுத்தேன். பெரியப்பா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே தொடங்கினார். "தம்பி, ஒம் பையன் பெங்களூரு, கோயமுத்தூரு, மெட்ராசுன்னு அவங்கம்மா பாட்டப் பாடிப் பேரு வாங்கிட்டு வர்றான். சந்தோசம். நம்ம ஊரு திருவிழாவுல வந்து முடிக்கிறேன்னு சொன்னதும் பெருமதான். அந்தச் சொவத்துப் பாட்டு மட்டும் வேணாம்." ஏன் என்று கேட்டேன். "ஒனக்குத்தான்டா அசிங்கம். காலேஜு வாத்தியாரு பொண்டாட்டிகிட்டப் பொய் சொன்னான்னு ஊரே பேசும். ஒம் மானத்துக்குத்தான் சொல்றேன்" என்றார். செயலாளர் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "டான்ஸ் ஐட்டமெல்லாம் இருக்குதுங்க சார். குடும்பமா வந்து உக்காந்திருப்பாங்க. நடுவுல எதுக்குங்க அழுவாச்சி?" அவர் கையில் அச்சுக்குப் போகவிருந்த சுவரொட்டியின் மாதிரி இருந்தது. வாங்கிப் பார்த்தேன். மற்ற ஊர்களில் 'ஜெயராணி பாட்டுகள்' என்று உன் அம்மாவின் பெயரோடு வந்த நிகழ்ச்சிக்கு, அவள் பிறந்து வளர்ந்து வாழ்ந்து புதைக்கப்பட்ட ஊரில் 'கிராமியப் பாடல்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அண்ணா, என் மானத்த உங்ககிட்ட எப்பக் குடுத்து வெச்சேன்?" என்று கேட்டேன். பிறகு, முப்பது ஆண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியையும் கேட்டேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். பெரியப்பா பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகுதான் குழுவிலிருந்து உனக்குத் தொலைபேசி வந்திருக்கிறது. 'உங்கப்பாவே சங்கடப்படறாரு' என்று உன்னிடம் சொன்னார்களாமே. நான் சங்கடப்படவில்லை. நான் சங்கடப்பட வேண்டிய காலத்தில் படாமல் போனதைப் பற்றித்தான் உன் அம்மா அந்தப் பாட்டையே கட்டினாள்.

பெங்களூரில் உன் நிகழ்ச்சிக்கு நான் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. சொல்லாமல் பேருந்து ஏறி வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என்னைக் கேலி செய்து கட்டிய எருமைப் பாட்டை நீ பாடினாய்.

எம்மெஸ்ஸி படிச்ச மாமன்
எரும கன்னு போடறப்ப
பொஸ்தகத்தப் பொரட்டி நின்னான் – அவன்
பொரட்டி முடிக்கங்குள்ள
கன்னு எந்திரிச்சிப் பாலு குடிச்சிப் போச்சு

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். நடந்தது அப்படியேதான். பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புரட்டினேன். அடுத்து நீ சுவர்ப் பாட்டுக்கு வந்தாய். ஒலிவாங்கியைச் சரி செய்துகொண்டு, "இது எங்கேயோ, யாரோ ஒரு தாய், இழந்த குழந்தைக்காகப் பாடினது" என்றாய். மூன்று சரணம் பாடினாய். நான்காவதைப் பாடவில்லை. அந்த மூன்றுக்கே பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ் முழுதும் புரியவில்லை போலும். யாருடைய குழந்தை என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். "நன்ன மகளு" என்றேன். என் மகள். எல்லை மாவட்டத்துக்காரனுக்கு அந்த அளவு கன்னடம் வரும். முப்பது ஆண்டுகளில் அந்த இரண்டு வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம், வீட்டில் பேசாத ஒரு மொழியில் சொன்னேன்.

எங்கேயோ யாரோ அல்ல. உன் அக்கா. அவளைப் பற்றி உன் அம்மா உனக்கு எவ்வளவு சொன்னாள், அவளுடைய கைப்பேசியில் பதிந்து வைத்துவிட்டுப் போன பாட்டுகளிலிருந்து நீ எவ்வளவு ஊகித்தாய் என்று எனக்குத் தெரியாது. என் பங்கை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அக்கா ஒரு காலைப்பொழுதில் தருமபுரியில் பிறந்தாள். மாதம் நிறையவில்லை. உன் அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் அவளை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தையோடு நான் மட்டும் இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் வேதியியல் படித்துவிட்டு வந்து, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. நம் ஊரில் அதுவரை யாரும் படிக்காத படிப்பு என்ற நினைப்பு தலையில் இருந்தது. மாதா கோவிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன், அதை நாலு பேர் கேட்கும்படி சொல்லவும் செய்வேன். மதியத்துக்கு மேல், வயது முதிர்ந்த ஒரு செவிலியர் வந்து குழந்தையின் மார்பைத் தொட்டுப் பார்த்தார். அவரும் நம்மைப்போல் கிறிஸ்தவர், வேதக்காரர்தான். கழுத்தில் ஜெபமாலை தெரிந்தது. "சார், பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. நீங்க நம்ம வேதந்தானுங்களே? சாமியார் வர்ற வரைக்கும் தாங்காதுங்க. ரெண்டு சொட்டுத் தண்ணி ஊத்திப் பேர் வெச்சிடுங்க. ஆபத்துல யார் ஊத்தினாலும் ஞானஸ்நானந்தான்" என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதை எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறேன். "சிஸ்டர், தண்ணிங்கறது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அது யாரையும் எங்கயும் கொண்டுபோய்ச் சேக்காது" என்றேன். வகுப்பில் பாடம் நடத்தும் குரலில் சொன்னேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "சரிங்க சார். ஊத்தினா ஒண்ணும் கொறஞ்சிடாதுங்களே" என்றார். "வேண்டாம்" என்றேன். தகப்பன் வேண்டாம் என்ற பிறகு அவர் என்ன செய்ய முடியும்? டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார். குழந்தை அடங்கிய பிறகும் அந்தத் தண்ணீர் அங்கேயே இருந்தது. வெயில் அதில் பட்டு மேற்கூரையில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

நம்பிக்கை இல்லாதவன் தண்ணீர் ஊற்ற மறுத்ததைக்கூட ஒரு நேர்மை என்று நீ எனக்காக வாதாடக்கூடும். வாதாடாதே, மேலே படி. வாடகைக் காரில், துண்டில் சுற்றிய குழந்தையோடு ஊருக்கு வந்தேன். இண்டூரைத் தாண்டும் வரை ஓட்டுநர் என் மடியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் உன் பெரியப்பாவும், சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரும் நின்றிருந்தார்கள். சாமியார் வேறு ஊர்த் திருப்பலிக்குப் போயிருந்தார். பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஞானஸ்நானம் ஆச்சா?" இல்லை என்றேன். "அப்ப உள்ள முடியாது தம்பி. வழக்கம்." உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைச் சுவருக்கு வெளியே, மேற்குப் பக்கத்துப் புறம்போக்கில் புதைப்பது அன்று நம் ஊர் வழக்கம். மேலே, திருச்சபையில் சட்டம் மாறி வெகுநாளாகிவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒருநாளும் முயன்றதில்லை. நம்பாதவனுக்கு அந்தச் சட்டம் எதற்கு?

என் நேர்மை அந்த வாசலில் என்ன ஆயிற்று என்று பார். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று ஒரு செவிலியரிடம் வாதாடியவன், சுவரிலும் ஒன்றும் இல்லை என்று என் அண்ணனிடம் வாதாடவில்லை. கடவுளிடம் காட்டிய துணிச்சலை அண்ணனிடம் காட்ட முடியவில்லை. கடவுள் பதில் பேசமாட்டார், அண்ணன் பேசுவார். வாயைத் திறக்காமல் சுவரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனேன். பெரியப்பாதான் மண்வெட்டி கொண்டுவந்தார். ஆனால் குழியை நான்தான் வெட்டினேன், மண்ணை நான்தான் தள்ளினேன். தென்மேற்கு மூலையிலிருந்து தப்படி எண்ணி வைத்துக்கொண்டேன். எதையும் அளந்து வைக்கும் ஆய்வகப் பழக்கம்.

'ஆச்சா' என்ற கேள்விக்கு 'ஆச்சு' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த வாசல் திறந்திருக்கும். அங்கே உண்மையைப் பேசினேன். மறுநாள் உன் அம்மா கண் விழித்து, "எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது, "உள்ளதான், எங்கப்பா பக்கத்துல" என்றேன். உண்மையையும் பொய்யையும் இடம் மாற்றிச் செலவழித்தவன் நான். அவள் வீடு திரும்புவதற்குள், உன் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் மண்ணைக் குவித்து, ஒரு சிறு மேடும் செய்து வைத்தேன். சோதனை செய்யாமல் முடிவு எழுதிய மாணவர்களை ஆய்வகத்தை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறேன், தெரியுமா உனக்கு? அதே கைதான் அந்த மேட்டையும் செய்தது.

எட்டு ஆண்டுகள் உன் அம்மா அந்த வெற்று மேட்டுக்குக் கல்லறைத் திருநாள்தோறும் பூ வைத்தாள். அந்த வாரம் சாமந்தி என்ன விலைக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். நம் தோட்டத்துப் பூவைச் சந்தைக்கு அனுப்பாமல், முதல் பறிப்பு முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள். எட்டாவது ஆண்டு உனக்கு ஆறு வயது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். சுற்றிலும் மெழுகுவர்த்தியும் கூட்டமும். உன் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் வாய்க்கால் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். பெரியம்மா பக்கத்துக் கல்லறையில் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "காலி மண்ணுக்கு எத்தன கூடடி கொட்டுவ? உள்ள இல்லாத புள்ளைக்கு என்னாத்துக்குடி பூவு?" என்றார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். "ஏங்க, அக்கா என்னா சொல்றாங்க?" நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். "ஏங்க, உங்களத்தான். புள்ள எங்க?" "வூட்ல போய்ப் பேசிக்கலாம் வா" என்றேன். அவள் வரவில்லை. அந்த மேட்டிலிருந்த பூவை ஒவ்வொன்றாகத் திரும்பவும் கூடையில் எடுத்துப் போட்டாள். போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் தொடங்கினாள். உலகம் இப்போது அழுதுகொண்டே கேட்கிற முதல் சரணம் அதுதான்.

சொவத்துக்கு அந்தாண்டயா இந்தாண்டயா
சொல்லிடு கண்ணு – நீ
அந்தாண்ட படுத்திருந்தா ஆரு வந்து
போத்துவா கண்ணு

ஊர் திரும்பிப் பார்த்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மகனே, என் வாழ்வில் நான் ஒரு பெண்ணைக் கை வைத்து இழுத்தது அந்த ஒரு நாள்தான். அது உன் கண்ணெதிரே நடந்தது. கூடையிலிருந்து சிந்திய பூவை நீ பொறுக்கிக்கொண்டே பின்னால் வந்தாய். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். உன் கைகளுக்கு நினைவிருக்கிறது என்று நினைக்கிறேன். மேடையில் நீ பாடிக்கொண்டே அடிக்கும் பறையை, அந்தப் பாட்டில் மட்டும் குச்சியை வைத்துவிட்டு விரல் நுனியால், எதையோ ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல வாசிக்கிறாய்.

அன்று வீட்டிலும் நான் பேசவில்லை. அவள் கேட்டாள், நான் பேசவில்லை. மூன்று நாள் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறு ஆண்டு அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. இரண்டு கூடைப் பூவோடு சுவரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனாள். எந்த இடம் என்று தெரியாதல்லவா, அதனால் சுவரின் அடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒற்றை வரிசையாகச் சாமந்தி வைத்துக்கொண்டே போனாள். உபதேசியார் பார்த்துவிட்டு, "என்னாம்மா ஜெயராணி, சொவத்துக்கா மாலை போடற?" என்றார். "சொவத்துக்கு இல்லீங்க. அது வெளிய தள்ளி வெச்சிருக்குதே, அதுங்களுக்கு" என்றாள். அதற்கடுத்த ஆண்டு சுவரோரம் யாரோ வைத்த ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. அதற்கடுத்த ஆண்டு நான்கைந்து இருந்தன. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. குழுவுக்கும் அது புரிந்திருக்கிறது. அவர்கள் காப்பாற்ற நினைப்பது என் மானத்தை அல்ல.

ஒருமுறை நான் சொல்ல முயன்றேன். நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்த காலம். கூடையை நான் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். பாதி சுவர் தாண்டியதும், "ஜெயா, எடத்தக் காட்டிடறேன்" என்றேன். குனிந்திருந்தவள் நிமிரவே இல்லை. "வேணாங்க" என்றாள். "காட்டிட்டீங்கன்னா நான் அங்க மட்டுந்தான் வெப்பேன். மத்த புள்ளைங்களுக்கு ஆரு வெக்கறது?" பிறகு பூவை எடுக்கக் கையை நீட்டினாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் எடுத்துக்கொள்ளாதே. நான் சொல்ல வந்தது என் பாரத்தை இறக்கி வைப்பதற்கு. அதை அவள் இறக்க விடவில்லை. அது அவளுடைய உரிமை.

இனி நான்காவது சரணம். நான் அதைக் கேட்டதே இல்லை என்று நினைத்துத்தான் நீ மறைக்கிறாய். பூக் கட்டும்போது அவள் அதைப் பாடுவாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்துவாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று கேட்டிருக்கிறேன். வார்த்தை பிசகாமல் எனக்குத் தெரியும்:

தண்ணி ஊத்தக் கூசின கை
மண்ணு தள்ளக் கூசலியே – அந்தக்
கையத்தான் புடிச்சிக்கிட்டுக்
காலமெல்லாம் வாழ்ந்தேனே

தண்ணீர் விஷயம் அவளுக்கு முதல் நாளே தெரியும். அந்தச் செவிலியர் சொல்லியிருக்கிறார். இருந்தும் 'உள்ளதான்' என்று நான் சொன்னதை, அண்ணனிடம் வாதாடி இடம் வாங்கியிருப்பேன் என்று நினைத்து நம்பியிருக்க வேண்டும். சாகும் வரை ஒருநாள்கூட அதை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. நான்கு வரியில் கேட்டுவிட்டாள். நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு சரியாக ஒரு மனிதனை எடை போட்டு நான் பார்த்ததில்லை. அதைச் செய்தவளைத்தான் சென்னை மேடையில் ஒரு பிரமுகர் 'படிப்பறியாத வெள்ளந்தியான கிராமத்துத் தாய்' என்று அறிமுகம் செய்ததாக நீயே சொன்னாய். நீ அவருக்குப் பதில் சொன்னாயா? அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள், நாளிதழைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் என்று சொன்னாயா? வெள்ளந்தியாக இருந்திருந்தால் இந்த நான்கு வரி வந்திருக்காது என்றாவது சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். என் மகனல்லவா. உன் ரத்தத்தில் அந்த வாயடைப்பு என்னிடமிருந்து வந்திருக்கிறது. அதைப் பாட்டாகச் சொல்லிவிடும் துணிவு அவளிடமிருந்து வந்திருக்கிறது. எதை வளர்ப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வயது உனக்கு வந்துவிட்டது.

உன் மேல் எனக்குள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேலி செய்யும் பாட்டைப் பாட உனக்கு என் மானம் குறுக்கே வரவில்லை. என்னைக் குற்றம் சாட்டும் பாட்டுக்கு மட்டும் வருகிறது. அப்படியென்றால் நீ என்னைச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய மனிதனாக வைத்திருக்க விரும்புகிறாய், பதில் சொல்லக்கூடிய மனிதனாக அல்ல. நான் தவறு செய்தவன் என்பதைத் தாங்கிக்கொள்ள எனக்கு உன் உதவி வேண்டாம். ஒரு பாட்டிலிருந்து ஒரு சரணத்தை எடுப்பதும், ஒரு குழந்தையைச் சுவருக்கு வெளியே வைப்பதும் ஒரே கையின் வேலைதான். காரணமும் ஒன்றுதான்: நாலு பேர் என்ன சொல்வார்கள். அந்த வேலையை நம் குடும்பத்தில் நான் ஒருவன் செய்தது போதும். இரண்டாவது ஆளாக நீ வராதே.

உன் பெரியப்பாவிடம் நான் கேட்ட கேள்வியைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். "அண்ணா, உங்க மூத்த பையன் சொவத்துக்கு எந்தப் பக்கம்?" என்பதுதான் அது. எனக்கு அதற்கு முன்பு அது நிச்சயமாகத் தெரியாது. சிறுவயதில் காதில் விழுந்த பேச்சை வைத்துத்தான் கேட்டேன். அவர் எழுந்து போனதில் விடை கிடைத்துவிட்டது. இதை இங்கே எழுதலாமா என்று நானாக முடிவு செய்யவில்லை. மறுநாள் காலை உன் பெரியம்மா தனியாக நடந்து வந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம். வாசலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "தம்பி, அன்னிக்கு அவளக் கேட்டனே காலி மண்ணுன்னு, எம் புள்ள வெளிய கெடக்கறான், அவ புள்ள உள்ள கெடக்குதுன்னு ஊரு நம்புதே, அந்த வயித்தெரிச்சல்ல கேட்டது. அவ போறதுக்குள்ள சொல்லிடணும்னு இருந்தேன். சொல்லல." எழுந்திருக்கும்போது, "பையன அந்தப் பாட்ட விட வேணாம்னு சொல்லு. எங்களுக்கும் சேத்துத்தான் அவ கட்டியிருக்கா. எம் பேரப் போட்டே சொல்லு, எனக்கென்னா பயம்" என்றார். "அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாருங்களா?" என்றேன். "சொல்லட்டும். நாப்பத்தஞ்சு வருசமா அவரு சொன்னாரு, நான் கேட்டேன். ஒரு நாளு நான் சொல்றேன், அவரு கேக்கட்டும்" என்றார்.

ஆகவே நடக்கப்போவதைச் சொல்கிறேன். இதில் உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நிகழ்ச்சியின் பெயர் 'ஜெயராணி பாட்டுகள்' என்று இல்லாத சுவரொட்டி நம் வீட்டுச் சுவரில் ஒட்டப்படாது. ஒட்டினால் நானே கிழிப்பேன். அன்று காலை பெரியம்மாவும் நானும் மேற்குச் சுவர் முழுவதும் பூ வைப்போம். பறிக்கச் சொல்லிவிட்டேன். எவருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை. அது புறம்போக்கு. புறம்போக்கு என்பதால்தானே பிள்ளைகளை அங்கே வைத்தார்கள்.

இப்போது அந்தப் புறம்போக்குதான் திருவிழா மைதானம் என்பது உனக்குத் தெரியும். மேடை அங்கேதான் போடுவார்கள். கல்லறைச் சுவர் மேடைக்கு இடதுபுறம் வரும். முன்வரிசையில், மானமுள்ளவர்கள் உட்காரும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். நான் அதில் உட்காரமாட்டேன். அதைத் தூக்கிக்கொண்டுபோய், தென்மேற்கு மூலையிலிருந்து நான் எண்ணி வைத்திருக்கும் தப்படியில், சுவரோரம் போட்டு உட்காருவேன். எத்தனை தப்படி என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். ஜெயா கேட்க மறுத்த கணக்கை ஊர் படிக்க வேண்டியதில்லை. நீ மேடையிலிருந்து பார்த்துக்கொள்.

எங்கேயோ யாரோ என்று சொல்லாதே. 'என் அக்காவுக்காக, என் அம்மா கட்டியது' என்று சொல். மூன்று சரணத்தையும் எப்போதும்போலப் பாடு. நான்காவதற்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்ளாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. என்னைப் பார்த்துப் பாடு. 'கூசின கை' என்று நீ சொல்லும்போது நான் எழுந்து நிற்பேன். திரும்பிப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த வாசலில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன். உன் அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீ பாடினால்தான் நான் சொல்ல முடியும்.

உன் அக்காவுக்கும் உனக்கும்
தகப்பன்